நாய்க்கு வாங்கிய தெள்ளு மருந்தில் பாதியைப் பூனைக்கு விடலாமா?

வாசகியின் கேள்வி: நாங்கள் திருகோணமலை உவர்மலையில் வசிக்கிறோம். வீட்டில் 3 வயதுப் பெண் பூனை ஒன்றும், அது ஈன்று 5 வாரமான மூன்று குட்டிகளும், ஒரு நாயும் இருக்கின்றன. தாய்ப் பூனை முதுகைக் கடித்துக் கடித்து வாலடியில் மயிர் கொட்டிவிட்டது. சிறு சிறு பொருக்குகளும் தெரிகின்றன. சென்ற மாதம் பாமசியில் பூனைக்கென்று ஒரு துளி மருந்து வாங்கி விட்டோம். இரண்டு வாரம் செல்லுமுன் தெள்ளு மறுபடி வந்துவிட்டது. மருந்து போலியோ என்று சந்தேகமாக உள்ளது. நாய்க்கு வாங்கிய துளி மருந்தில் ஒரு குழாய் மிச்சம் இருக்கிறது. அதன் பெட்டியில் பெர்மெத்ரின், இமிடாக்ளோப்ரிட் என்று எழுதியிருக்கிறது. அதில் பாதியைப் பூனைக்கு விடலாம் என்கிறார் கணவர். மாமியோ வேப்பெண்ணெயும் உள்ளியும் போதும் என்கிறார். பூனையோடு படுக்கும் 6 வயது மகளின் கணுக்காலில் சிவந்த தடிப்புகள் வந்துள்ளன. எந்த மருந்தைத் தெரிவு செய்வது?

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மற்றக் கேள்விகளுக்குப் போகுமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த நாய் மருந்தில் பாதியையோ காற்பங்கையோ மட்டுமல்ல, ஒரு துளியைக்கூடப் பூனைக்கு விட வேண்டாம். பெர்மெத்ரின் என்பது நாயின் உடலும் மனித உடலும் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும் ஒரு பூச்சிகொல்லி. ஆனால் அதை ஈரலில் மாற்றி வெளியேற்றுவதற்கு வேண்டிய நொதியத் தொழிற்பாடு பூனை இனத்தில் மிகக் குறைவு என்பதால், தோலில் விட்ட மருந்து உடலுக்குள் சென்று தேங்கி நரம்புகளை ஓயாமல் தூண்டிக்கொண்டே இருக்கும். நாய்களுக்கான சில துளி மருந்துகளில் பெர்மெத்ரின் 40 சதவீதத்துக்கும் மேல் இருக்கிறது. மனிதரின் சிரங்குக்குப் பூசும் களிம்பில் இருப்பது 5 சதவீதம்தான் என்று சொன்னால் அந்தச் செறிவு உங்களுக்குப் பிடிபடும். மூன்று கிலோ நிறையுள்ள ஒரு பூனைக்கு அதில் பாதிக் குழாயும் நஞ்சுதான்.

சில ஆண்டுகளுக்கு முன், மழை விடாமல் பெய்த ஒரு கார்த்திகை இரவில், சாரத்தில் சுற்றிய பூனை ஒன்றை ஓட்டோவில் கொண்டுவந்தார்கள். காதுகள் இரண்டும் ஈ மொய்ப்பதுபோல் துடித்துக்கொண்டிருந்தன. மேசையில் இறக்கிவிட்டதும், தண்ணீரில் மிதித்த பூனை காலை உதறுவதைப் போல ஒவ்வொரு காலையும் மாறி மாறி உதறியது. முதுகுத் தோல் குளத்து அலைபோல் ஓடியது. அன்று காலையில்தான் ஒரு கடையில், நாய்க்கும் பூனைக்கும் ஒரே மருந்துதான் என்று சொல்லிக் கொடுத்ததை வாங்கி விட்டிருக்கிறார்கள். பாத்திரம் கழுவும் திரவத்தையும் வெதுவெதுப்பான தண்ணீரையும் கொண்டு கழுத்தையும் முதுகையும் கழுவி, வலிப்பை அடக்க மருந்து ஏற்றி, மூன்று நாள் வைத்துப் பார்த்தோம். அந்தப் பூனை பிழைத்தது, பிழைக்காதவையும் உண்டு. உங்கள் வீட்டிலோ அயலிலோ இப்படி நேர்ந்துவிட்டால் நடுக்கம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அறிகுறிகள் சில மணித்தியாலங்களிலும் தொடங்கலாம், இரண்டு மூன்று நாள் கழித்தும் தொடங்கலாம் என்பதால், உடனே கழுவித் துவாயால் துடைத்து, மருந்துப் பெட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் வர வேண்டும்.

அந்த மிச்சக் குழாயை நாய்க்கும் விட வேண்டாம் என்பதே என் எண்ணம். நாயின் முதுகில் ஈரமாக இருக்கும் மருந்து, அதன்மேல் சாய்ந்து படுக்கும் பூனைக்கும் ஒட்டும், பூனை நாயை நக்கினாலும் உள்ளே போகும். பால் குடிக்கும் குட்டிகள் உள்ள வீட்டில் அந்த ஆபத்துக்கு இடம் வைக்க நான் விரும்பவில்லை. நாய்க்குப் பெர்மெத்ரின் இல்லாத மருந்துகள் எத்தனையோ இருக்கின்றன. பிப்ரோனில் துளி மருந்தோ, மாதம் ஒருமுறை கொடுக்கும் அபொக்சோலனர் போன்ற மெல்லும் குளிசையோ போதும்.

இனி, மருந்து போலியோ என்ற சந்தேகம். அப்படியும் இருக்கலாம், ஆனால் இரண்டு வாரத்தில் தெள்ளு திரும்பி வந்தது என்பதை மட்டும் வைத்து நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பூனையின் மேல் நீங்கள் காணும் தெள்ளுகள் வீட்டிலுள்ள மொத்தத்தில் ஏறத்தாழ 5 சதவீதம்தான் என்பது எங்கள் துறையில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. மிகுதி 95 சதவீதமும் முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் உங்கள் மெத்தையிலும், சோபாவின் இடுக்கிலும், குட்டிகள் கிடக்கும் பெட்டியிலும் இருக்கிறது. பெண் தெள்ளு முதன்முறை இரத்தம் குடித்து ஒன்றிரண்டு நாளுக்குள் முட்டையிடத் தொடங்கி, நாளொன்றுக்கு 40, 50 வரை இடக்கூடியது. அந்த முட்டைகள் மயிரில் ஒட்டிக்கொள்வதில்லை. உப்புப் பரல் போல வழுக்கி, பூனை எங்கெல்லாம் படுக்கிறதோ அங்கெல்லாம் உதிர்கின்றன. பொரித்து வரும் புழு வெளிச்சத்துக்கு அஞ்சி இருட்டான இடுக்குகளுக்குள் போய், பெரிய தெள்ளுகளின் எச்சத்தைத் தின்று வளர்ந்து, மண்ணும் தூசியும் ஒட்டிய ஒரு கூட்டைக் கட்டிக்கொள்கிறது. அந்தக் கூட்டுக்குள் எந்த மருந்தும் சரிவரப் போவதில்லை. வெளியே ஆள் நடமாட்டத்தின் அதிர்வும், உடற்சூடும், மூச்சுக் காற்றும் தெரியும்வரை வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் அது உள்ளேயே கிடக்கும். பாடசாலை விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிவிட்டு மட்டக்களப்புக்குப் போய் வந்தவர்கள், கதவைத் திறந்து உள்ளே கால் வைத்ததும் தெள்ளு மொய்த்தது என்று சொல்வது இதனால்தான்.

ஆகவே நீங்கள் விட்ட மருந்து பூனையின் மேல் இருந்தவற்றைக் கொன்றிருக்கும். அதற்குப் பிறகு கூட்டிலிருந்து வெளிவந்தவை புதிதாக ஏறியிருக்கும். நாய்க்கும் அதே நாளில் மருந்து விட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. விடவில்லை என்றால் காரணத்தைத் தேடி வேறெங்கும் போகத் தேவையில்லை. நாயில் வாழ்வதும் பெரும்பாலும் இதே பூனைத் தெள்ளுதான்.

நமது ஊரின் வெப்பத்தில் முட்டை பெரிய தெள்ளாவதற்கு மூன்று வாரம் போதும். கச்சான் காற்று வீசும் மாதங்களில், வெயில் விழும் முற்றத்து மணலில் புழுக்கள் காய்ந்து சாகும் என்பது உண்மை. ஆனால் விறாந்தைப் படிக்கு அடியிலும் விறகு அடுக்கிய மூலையிலும் நிழலும் ஈரமும் இருக்கும்வரை அவை பிழைத்துக்கொள்ளும். வாடை மழை தொடங்கினால் கேட்கவே வேண்டாம். குளிர் நாடுகளில் மாரிகாலத்தில் மருந்தை நிறுத்திவைப்பதைப் போல நாம் நிறுத்துவதற்கு ஏற்ற மாதம் என்று இங்கே ஒன்றும் கிடையாது.

மருந்தைத் தெரிவு செய்யுமுன் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். பல் நெருக்கமான தெள்ளுச் சீப்பால் வாலடி மயிரை வாரி, வந்த அழுக்கை நனைத்த வெள்ளைக் கடதாசித் துவாயில் தட்டுங்கள். மிளகுத் தூள் போன்ற கறுப்புப் பொடிகளைச் சுற்றி ஒரு நிமிடத்தில் செங்காவி நிறம் பரவினால் அது தெள்ளின் எச்சம், அதாவது உங்கள் பூனையின் செரித்த இரத்தம். கறுப்பாகவே இருந்தால் வெறும் மண். பூனை தன்னை நக்கிக்கொள்ளும்போது தெள்ளுகளையும் விழுங்கிவிடுவதால், ஒரு தெள்ளுகூடக் கண்ணில் படாமல் இந்தச் சோதனை மட்டும் காட்டிக்கொடுப்பது உண்டு. உங்கள் பூனையின் முதுகிலுள்ள பொருக்குகளைப் பார்த்தால் தெள்ளின் உமிழ்நீருக்கு அதற்கு ஒவ்வாமை இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. அப்படிப்பட்ட பூனைக்குச் சில கடிகளே வாரக்கணக்கில் அரிப்பைக் கொடுக்கப் போதும். எனவே அதற்குத் தெள்ளு குறைந்தால் போதாது, அறவே இல்லாமற் போக வேண்டும்.

சரி, எந்த மருந்து? கடைக்குப் போய்ப் பூனைக்குப் பூச்சி மருந்து என்று கேட்காதீர்கள். நம் பக்கத்தில் அப்படிக் கேட்டால் வயிற்றுப் பூச்சிக்கான குளிசையைத்தான் எடுத்துத் தருவார்கள். உண்ணி மருந்து என்று கேட்டால் நாய் மருந்து வரும். தெள்ளு மருந்து என்று கேட்டு, பெட்டியில் பூனையின் படமோ பெயரோ இருக்கிறதா என்று பார்த்து, அதன் பிறகு உள்ளடங்கிய மருந்தின் பெயரைப் படியுங்கள். வணிகப் பெயர் எதுவானாலும், உங்கள் கையில் கிடைக்கக்கூடியவை பெரும்பாலும் சில மருந்துகளுக்குள்தான் அடங்கும்.

உங்கள் தாய்ப் பூனைக்கு நான் முதலில் நாடுவது செலமெக்டின். பாலூட்டும் பூனைக்கு விடலாம் என்று அனுமதிக்கப்பட்ட மருந்து அது. தாய்க்கு விட்டால் குட்டிகளை அவற்றின் 7 வார வயது வரை தெள்ளிலிருந்து காப்பதற்கும் அது துணை செய்கிறது. குட்டிகளுக்கு நேரே மருந்து விட முடியாத இந்த வயதில் அது பெரிய உதவி. காதுச் சிற்றுண்ணிகளையும் சில குடற்புழுக்களையும் சேர்த்தே கட்டுப்படுத்துகிறது. 2.6 முதல் 7.5 கிலோ வரையான பூனைக்கு 45 மில்லிகிராம் குழாய் என்பது அளவு. கண்மட்டத்தில் சொல்லாமல், பூனையைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு தனியே ஏறிக் கழித்து நிறையைப் பார்த்துவிடுங்கள்.

செலமெக்டின் கிடைக்காவிட்டால் பிப்ரோனிலுடன் மெத்தோப்ரீன் சேர்ந்த துளி மருந்து அடுத்ததாக வரும். பிப்ரோனில் பெரிய தெள்ளைக் கொல்லும். மெத்தோப்ரீன் முட்டையும் புழுவும் வளராமல் தடுக்கும். உங்களைப் போல வீடு முழுவதும் பரவிவிட்ட இடத்தில் இந்த இரண்டாவது வேலைதான் பெறுமதியானது. பிப்ரோனில் மட்டும் உள்ள மலிவான குழாயும் வேலை செய்யும், ஆனால் வெற்றி தாமதமாகும். இமிடாக்ளோப்ரிட் மட்டும் உள்ள பூனை மருந்து தெள்ளுக்கு நல்லது, உண்ணிக்கு உதவாது. உங்கள் நாய் மருந்திலும் இமிடாக்ளோப்ரிட் இருக்கிறதே என்று கணவர் கேட்கக்கூடும். பூனைக்கு ஆபத்து அதனால் அல்ல, அதோடு கூட இருக்கும் பெர்மெத்ரினால்தான். பாலூட்டும் பூனை என்பதால், இவற்றில் எதையும் விடுமுன் உங்கள் வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். புளுரலனர் போன்ற புதிய மருந்துகள் ஒருமுறை விட்டால் 12 வாரம் நிற்கும், விலையும் அதற்கேற்ப இருக்கும். முன்பு வலிப்பு வந்த பூனைக்கு அந்த வகையைத் தவிர்ப்பது நல்லது. 2018இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் அதுபற்றி எச்சரித்தது.

கழுத்துப் பட்டிகளில் இமிடாக்ளோப்ரிட்டும் புளுமெத்ரினும் கொண்ட தரமான பட்டி ஏழெட்டு மாதம் வரை பயன் தரும் என்றாலும், உங்கள் வீட்டுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். மகள் இரவு முழுவதும் முகத்தோடு அணைத்துக்கொண்டு படுக்கும் பூனையின் கழுத்தில் மருந்துப் பட்டி இருப்பதும், அதைப் பால் குடிக்கும் குட்டிகள் நக்குவதும் எனக்கு உவப்பாக இல்லை. மருந்தின் பெயரே போடாமல் தெருவோரக் கடைகளில் தொங்கும் பட்டிகளைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை.

குட்டிகளுக்கு 8 வாரம் ஆகும்வரை சீப்புத்தான் மருந்து. நாளுக்கு இருமுறை வாரி, ஒவ்வொரு முறையும் சீப்பைச் சவர்க்காரம் கரைத்த தண்ணீரில் முக்குங்கள். வெறும் தண்ணீரில் தெள்ளு மிதந்து தப்பிவிடும், சவர்க்காரத் தண்ணீரில் மூழ்கும். பெரிய பூனைகளுக்கான குளிசையை உடைத்துக் கொடுப்பதும், பெரிய பூனையின் துளி மருந்தைப் பங்கிடுவதும் கூடாது. நிட்டென்பைரம் என்ற வேகமான குளிசை 4 வாரத்துக்கு மேற்பட்ட குட்டிக்குக் கொடுக்கக்கூடியது என்பது உண்மைதான், ஆனால் நிறை 900 கிராமுக்கு மேல் இருக்க வேண்டும். 5 வாரக் குட்டி அதில் பாதி தேறினாலே பெரிது.

துளி மருந்தை விடும் முறையால் கெட்டுப்போவதும் பல. முதுகின் நடுவில் மயிரின் மேல் விட்டால் பூனை அதை நக்கி முடித்துவிடும். தலைக்குச் சற்றுக் கீழே, பிடரியின் அடியில், நாக்கு எட்டாத இடத்தில் மயிரை இரு விரலால் விலக்கி, வெளிறிய தோல் ஒரு கோடாகத் தெரிந்த பிறகு, குழாயின் முனையைத் தோலிலேயே வைத்து முழுவதையும் பிழியுங்கள். குளிப்பாட்டுவதென்றால் அதற்கு இரண்டு நாள் முன்போ பின்போ வேண்டாம். கொஞ்சம் நக்கி நுரை தள்ளினால் பயப்பட வேண்டாம், கசப்பினால் வருவது, சிறிது நேரத்தில் அடங்கிவிடும். நடுக்கம் வந்தால்தான் கதை வேறு. தாய்ப் பூனையை மருந்து காயும்வரை குட்டிகளிடமிருந்து சில மணித்தியாலம் பிரித்து வையுங்கள், மகளையும் அன்றிரவு தனியே படுக்க வையுங்கள்.

பணம் அளவாகத்தான் இருக்கிறது என்றால், விலை உயர்ந்த மருந்தை ஒரு பூனைக்கு மட்டும் வாங்குவதைவிட நடுத்தர விலையுள்ளதை வீட்டிலுள்ள எல்லாப் பிராணிகளுக்கும் ஒரே நாளில், மூன்று மாதம் விடாமல் விடுவதே பலன் தரும். முதல் மாதத்தின் நடுவில் புதிய தெள்ளுகள் தெரியும். அதைப் பார்த்து மருந்தை மாற்றிவிடாதீர்கள், கூடுகள் வெறுமையாகின்றன என்பதற்கு அது அடையாளம்.

வீட்டைப் பொறுத்தவரை, சீமெந்துத் தரை உங்களுக்கு ஒரு வரப்பிரசாதம். தும்புத்தடியால் மூலைகளைக் கூட்டி, குப்பையை அப்படியே வாளியில் வைக்காமல் எரித்துவிடுங்கள். படுக்கை விரிப்பையும் குட்டிகளின் துணியையும் வாரம் ஒருமுறை கொதிநீரில் ஊறவைத்துத் துவையுங்கள். மெத்தையையும் கதிரை மெத்தைகளையும் நண்பகல் வெயிலில் இருபுறமும் காயவிடுங்கள். கச்சான் காலத்து வெயிலுக்கு நிகரான இலவச மருந்து வேறில்லை. வீட்டுக்குள் விசிறும் பூச்சிகொல்லிகளில் பலவும் பெர்மெத்ரின் வகையைச் சேர்ந்தவை என்பதால், விசிறியே தீர வேண்டுமென்றால் எல்லாப் பிராணிகளையும் வெளியேற்றி, மீன்தொட்டி இருந்தால் அதையும் மூடி, தரை முற்றாகக் காய்ந்த பிறகே அவற்றை உள்ளே விட வேண்டும்.

மாமியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். வேப்பிலையைக் குட்டிப் பெட்டிக்கு அருகில் வைப்பதில் கெடுதல் இல்லை. வேப்பெண்ணெயைப் பூசினால் பூனை அதை நக்கி வாந்தி எடுக்கும், நடுங்கவும் கூடும். உள்ளியும் வெங்காயமும் பூனையின் செங்குருதிக் கலங்களை உடைப்பவை. தெள்ளினால் ஏற்கனவே இரத்தம் இழந்துகொண்டிருக்கும் பிராணிக்கு அதைச் சோற்றில் கலந்து கொடுப்பது இரட்டை இழப்பு. மண்ணெண்ணெய், நப்தலீன் உருண்டை, தண்ணீரில் விட்டால் பால்போல வெளுக்கும் கிருமிநாசினிகள் ஆகியவற்றையும் பூனையின் உடலுக்கு அருகில் கொண்டுபோகக் கூடாது.

மகளின் கணுக்காலில் உள்ளவை தெள்ளுக் கடிகளாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சொறிந்து புண்ணாகினாலோ காய்ச்சல் வந்தாலோ பிள்ளையை வைத்தியரிடம் காட்டி, வீட்டில் தெள்ளுள்ள பூனை இருப்பதையும் சொல்லுங்கள். பூனையின் மலவாயிலோ அது படுத்த துணியிலோ அரிசி போன்ற வெள்ளைத் துணுக்குகள் ஒட்டியிருந்தால் அது நாடாப்புழு. தெள்ளை விழுங்குவதால் பூனைக்கு வருவது, சில வேளை தெள்ளை அறியாமல் விழுங்கிவிடும் சிறுபிள்ளைக்கும் வரும். அதற்குப் பிராசிகுவான்டெல் குளிசை தனியே தேவை. தெள்ளு மருந்து அதைக் கொல்லாது.

கடைசியாகக் குட்டிகளின் ஈறுகளை நாளும் பாருங்கள். உதட்டை விரலால் மெல்ல உயர்த்தினால் இளஞ்சிவப்பாகத் தெரிய வேண்டும். வெளிறிக் கடதாசிபோல் இருந்து, குட்டியும் பால் குடிக்க எழாமல் சோர்ந்து கிடந்தால், இந்தப் பதிலில் சொன்ன எதையும் செய்துகொண்டிராமல், குட்டியைத் துவாயில் சுற்றிச் சூடாக வைத்து அன்றைக்கே அருகிலுள்ள கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோங்கள். மற்றக் குட்டிகளையும் தாயையும்கூட அதே பெட்டியில் எடுத்துச் செல்லுங்கள்.